சாயம் போகுமா?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சிங்கப்பூரின் கேம்பல் லேனில் கால் வைக்க இடம் இருக்காது. போன ஆண்டு அந்த நெரிசலில் ஒரு துணிக்கடை வாசலில் ஒதுங்கி நின்றேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும், அரக்கு நிறச் சுங்குடிச் சேலை ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விலை கேட்கவில்லை. முந்தானையைப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, சாயம் போகுமா?"

"போகாதும்மா. முதல் தடவை மட்டும் உப்புத் தண்ணியில ஊறவச்சுத் தனியா அலசிடுங்க."

இதே கேள்வியை மதுரை புது மண்டபத்தில் என் பாட்டி கேட்டார். சிராங்கூன் சாலையில் என் அம்மா கேட்டார். பதிலும் எழுத்து மாறாமல் இதேதான். வேதியியல் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வந்த பிறகுதான் அது எவ்வளவு நுட்பமான கேள்வி என்று எனக்கு உறைத்தது. சாயம் எப்படி உண்டாகிறது என்பது பாதிக் கதை. அது துணியை எப்படிப் பிடித்துக்கொள்கிறது, எதனால் விட்டுவிடுகிறது என்பதுதான் மீதி. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வேதியியலாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டது இந்த மீதிக் கதையில்தான்.

இந்த ஆண்டு என் மாணவர்களோடு சேர்ந்து ஒரு சாயத்தைக் கையாலேயே செய்து, பல துணிகளில் ஏற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதற்கு முதலில் துணி வேண்டும்.

தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் மீனும் ஆட்டிறைச்சியும் காய்கறியும். மாடி ஏறினால் வரிசையாகத் துணிக்கடைகள், தையல் கடைகள். எனக்குப் பழக்கமான தையல்காரர் ஒருவரிடம் போய், "அண்ணே, வெட்டுத்துணி கொஞ்சம் வேணும். பட்டு, பருத்தி, பாலியெஸ்டர், எல்லாத்துலயும் ஒரு துண்டு" என்றேன். அவர் மேசைக்கடியில் இருந்த கோணிப்பையைக் கவிழ்த்தார். பெரும்பாலும் ரவிக்கைத் துணிகளின் ஓரங்கள். எது எது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு நூலை உருவி, லைட்டரால் நுனியைக் கொளுத்தினார்.

பருத்தி நூல் காகிதம்போல் சட்டென்று எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. பட்டு நூல் மெதுவாகக் கருகியது. முடி பொசுங்கும் வாடை. தொட்டதும் பொடியானது. மூன்றாவது நூல் எரியவில்லை, உருகிச் சுருண்டு நுனியில் ஒரு கருப்பு மணியாக இறுகியது. "இதப் பட்டுன்னு நம்பித்தான், டீச்சர், ஒருத்தங்க வாங்கிட்டு வந்து தைக்கக் குடுத்தாங்க. நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

அந்த லைட்டர் சொன்னது முழுக்க முழுக்க வேதியியல். பட்டும் தலைமுடியும் புரதம். ஆகவே ஒரே வாடை. பருத்தியும் காகிதமும் செல்லுலோஸ். ஆகவே ஒரே சாம்பல். பாலியெஸ்டர் ஒரு பிளாஸ்டிக். ஆகவே உருகுகிறது. சாயத்துக்கும் இந்த வேறுபாடுதான் முக்கியம். கண்ணுக்கு ஒரே மாதிரிப் பளபளக்கும் இரண்டு துணிகள் சாயத்துக்கு இரண்டு வேறு உலகங்கள். இந்தத் துண்டுகளோடு ஒரு பழைய நைலான் காலுறையையும், குளிர்நாட்டுப் பயணத்துக்கு வாங்கி மறந்துபோன கம்பளிக் காலுறையையும் சேர்த்துக்கொண்டேன்.

நாங்கள் செய்தது 'ஆரஞ்சு 2' என்ற சாயம். 1876இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரூசின் உருவாக்கியது. அசோ சாயங்கள் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. இன்று உலகில் பயன்படும் சாயங்களில் பாதிக்கும் மேல் இந்தக் குடும்பம்தான். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கைகோத்து நிற்பதுதான் 'அசோ'. மஞ்சளிலும் அவுரியிலும் மஞ்சிட்டியிலும் எடுக்கும் இயற்கைச் சாயங்களில் இந்தப் பிணைப்பு கிடையாது. இது மனிதன் ஆய்வகத்தில் கட்டியது.

செய்முறையில் எல்லாவற்றையும் விட முக்கியம் ஐஸ். எங்கள் ஐஸ் இயந்திரம் அன்று பார்த்துப் பழுதாகிக் கிடந்தது. பக்கத்துக் காப்பிக் கடையிலிருந்து இரண்டு பை ஐஸ் வாங்கி வந்தோம். ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவான சல்ஃபனிலிக் அமிலத்தைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கரைத்து, சோடியம் நைட்ரைட்டைச் சேர்த்து, ஐஸும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இருந்த பீக்கரில் ஊற்றினோம். பாலில் எலுமிச்சை பிழிந்ததுபோல் வெள்ளையாகத் திரிந்து வந்தது. அதுதான் டயசோனியம் உப்பு. ஸ்டார்ச்சும் அயோடைடும் தடவிய தாளில் ஒரு சொட்டு வைத்தோம். தாள் கருநீலமானது. நைட்ரைட் போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தம்.

ஏன் இவ்வளவு குளிர்? டயசோனியம் உப்பு பொறுமை இல்லாத பொருள். தன் இரண்டு நைட்ரஜனையும் வாயுவாக விட்டெறிந்துவிட எந்நேரமும் தயாராக இருக்கிறது. சுழியத்துக்கும் ஐந்து டிகிரிக்கும் இடையில் வைத்தால்தான் கட்டுப்பட்டு நிற்கும். கொஞ்சத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து வெந்நீரில் நிறுத்திக் காட்டினேன். குமிழி குமிழியாக நைட்ரஜன் கிளம்பியது. கரைசல் பழுப்பாகி, வேலைக்கு ஆகாமல் போனது. உலர்ந்துவிட்டால் இன்னும் மோசம், அது வெடிக்கும் பொருள். தகுந்த ஆய்வகமும் மேற்பார்வையும் இல்லாமல் யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு பீக்கரில் 2-நாஃப்தால், எரிசோடாக் கரைசலில் கரைந்திருந்தது. துணிப்பெட்டியில் பழைய காலத்தில் போட்ட அந்துருண்டை நாஃப்தலீன். அதற்கு நெருங்கிய உறவு இந்த நாஃப்தால். ஆக ஒரு பீக்கரில் வெள்ளை, இன்னொன்றில் ஏறக்குறைய நிறமற்ற நீர். ஒரு மாணவி வெள்ளையை எடுத்து மற்றதில் ஊற்றினாள்.

கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. பீக்கர் முழுவதும் செம்மஞ்சள் பரவி, அடுத்த கணம் கெட்டியான சாந்தாகத் திரண்டது. பல ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். இன்றும் அந்த ஒரு நொடியில் என் கை நின்றுவிடும். வகுப்பில் யாரும் பேசவில்லை.

நிறம் எங்கிருந்து வந்தது? பென்சீன் வளையம் உள்ள பொருள்களில் எலக்ட்ரான்கள் அந்தந்த வளையத்துக்குள் சுற்றித் திரியும். தனியாக இருக்கும்போது அவை உறிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை. ஆகவே நமக்கு நிறமில்லை. நைட்ரஜன் பாலம் போட்டதும் இரண்டு பக்கத்து எலக்ட்ரான்களுக்கும் ஒரே நீளமான பாதை கிடைத்துவிடுகிறது. வீணையில் ஒலிக்கும் தந்தியின் நீளம் கூடினால் சுருதி இறங்குமே, அதுபோல எலக்ட்ரான்கள் உலவும் பாதை நீண்டால் அவை உறிஞ்சும் ஒளியின் ஆற்றல் இறங்குகிறது. புற ஊதாவிலிருந்து இறங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குள் வந்துவிடுகிறது. ஆரஞ்சு 2 உறிஞ்சுவது 485 நானோமீட்டர் பக்கத்தில் உள்ள நீலப்பச்சை ஒளியை. அது போக மிச்சம் நம் கண்ணுக்கு வருவது ஆரஞ்சு. பாதையை இன்னும் நீட்டினால் சிவப்பு, ஊதா, நீலம் என்று போகலாம்.

இந்த டயசோனியம் வினையைக் கண்டுபிடித்தவர் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர். 1858ஆம் ஆண்டு. பிறகு இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் ஒரு பீர் ஆலைக்கு வேதியியலாளராகப் போனார். பகலில் பீர் வேலை, மிச்ச நேரத்தில் டயசோ ஆராய்ச்சி. அவர் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் சாயத் தொழிற்சாலைகள் எழுந்தன.

சரி, துணிக்கு வருவோம். சாயத்தை வெந்நீரில் கரைத்து, சில சொட்டு அமிலம் விட்டு, எல்லாத் துண்டுகளையும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் சூடாக்கினோம். எடுத்தபோது பாலியெஸ்டரைத் தவிர எல்லாமே ஆரஞ்சு. மாணவர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. "சோப்புப் போட்டு அலசுங்க" என்றேன்.

கம்பளி அசையவில்லை. பட்டு இன்னும் பளிச்சென்று நின்றது, கனகாம்பர நிறத்தில். நைலானும் விடவில்லை. பருத்தியைக் குழாயடியில் பிடித்ததும் ஆரஞ்சு நீர் ஓடத் தொடங்கியது. மூன்றாவது அலசலில் அது கறை படிந்த பழந்துணிபோல் வெளிறிவிட்டது. தையல்காரரின் லைட்டரில் உருகிய அந்தப் 'பட்டு' வெள்ளையாகவே இருந்தது.

ஏறுவது வேறு, பிடிப்பது வேறு. பருத்தியில் சாயம் ஏறியது. பிடிக்கவில்லை.

காரணம் இதுதான். ஆரஞ்சு 2 மூலக்கூறின் ஒரு முனையில் சல்ஃபோனேட் தொகுதி இருக்கிறது, எதிர்மின் தன்மை உள்ளது. பட்டிலும் கம்பளியிலும் உள்ள புரதத்தில் அமினோ தொகுதிகள் இருக்கின்றன. அமிலம் சேர்த்ததும் அவை நேர்மின் தன்மை பெறுகின்றன. நேரும் எதிரும் ஈர்த்துக்கொள்கின்றன. நைலான் செயற்கை இழைதான், ஆனால் அதன் சங்கிலி முனைகளிலும் அமினோ தொகுதி உண்டு. பருத்தியிலோ பிடித்துக்கொள்ள மின்னூட்டமே இல்லை. சாயம் இழைகளுக்கிடையே நனைந்து உட்கார்ந்திருந்தது, தண்ணீர் வந்ததும் எழுந்து போய்விட்டது. பாலியெஸ்டர் இன்னும் இறுக்கம், தண்ணீரையே உள்ளே விடாது. அதற்கென்று சல்ஃபோனேட் இல்லாத, நீரில் கரையாத சிறிய மூலக்கூறுகளை நுண்துகளாக்கி, அழுத்தத்தில் 130 டிகிரி வரை சூடேற்றிப் புகுத்துகிறார்கள். அவற்றிலும் பாதிக்கு மேல் அசோ சாயங்களே.

பருத்தி நம் துணி. வெயிலும் வியர்வையும் உள்ள ஊர்களின் துணி. அதைச் சாயம் பிடிக்க வைப்பதில் நம் முன்னோர் கைதேர்ந்தவர்கள். சோழமண்டலக் கரையில் விளைந்த சாயவேரைக் கொண்டு பருத்தியில் சிவப்பு ஏற்றினார்கள். வேரின் சாயம் தனியாகப் பருத்தியைப் பிடிக்காது. முதலில் படிகாரத்தில் துணியை நனைத்தால், படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு கையால் துணியையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். நிறமூன்றி என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். அந்தத் துணிகள் மலாக்காவுக்கும் ஜாவாவுக்கும் கப்பல் கப்பலாக வந்தன. 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வந்த நாராயண பிள்ளை இங்கே செங்கல் சூளை வைத்ததும், பின்னர் ஸ்ரீ மாரியம்மன் கோவிலை எழுப்பியதும் பலருக்குத் தெரியும். அவர் இங்கே பருத்தித் துணி வியாபாரமும் செய்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

நிறமூன்றி இல்லாமல் நேராகப் பருத்தியைப் பிடித்த முதல் அசோ சாயம் காங்கோ சிவப்பு. பாட்டிகர் என்ற ஜெர்மானியர் 1880களின் நடுவில் உருவாக்கினார். நீளமான, தட்டையான மூலக்கூறு. செல்லுலோஸ் சங்கிலியோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். பிடித்தது என்றாலும் இறுகப் பிடிக்கவில்லை. துவைக்கத் துவைக்க மங்கியது. அதைவிடப் பெரிய கேடு ஒன்று அதற்குள் ஒளிந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அடுத்து வந்தது. சாயத்தைச் செய்து துணியில் ஏற்றுவதற்குப் பதில், துணிக்குள்ளேயே வைத்துச் சாயத்தைச் செய்துவிட்டால் என்ன? முதலில் பருத்தியை நாஃப்தால் கரைசலில் முக்கிப் பிழிகிறார்கள். துணியில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. பிறகு குளிர்ந்த டயசோனியம் கரைசலில் முக்குகிறார்கள். நாங்கள் பீக்கரில் பார்த்த அந்த நொடி, அங்கே இழைக்குள் நடக்கிறது. உண்டாகும் சாயம் நீரில் கரையாதது. உள்ளே பிறந்த சாயத்துக்கு வெளியே வர வழியில்லை. ஐஸ் போட்டுச் செய்ததால் இவற்றுக்கு 'ஐஸ் நிறங்கள்' என்றே பெயர் இருந்தது. 1912இல் வந்த 'நாஃப்தால் ஏ.எஸ்.' வகைகள் பருத்தியைத் தாமாகவே பற்றிக்கொண்டதால் தொழில் இன்னும் எளிதாயிற்று.

தமிழ்நாட்டுச் சாயப்பட்டறைகளில் 'நாப்தால்' என்பது அன்றாடச் சொல். கைத்தறிச் சேலைகளின் அடர்ந்த சிவப்பும் அரக்கும் நெடுங்காலம் இந்த வழியில்தான் வந்தன. ஜாவாவிலும் இதே நாஃப்தால். அங்கே காரணம் வேறு. பாத்திக் துணியில் மெழுகால் கோலம் எழுதிவிட்டுச் சாயத்தில் முக்குவார்கள். வெந்நீர்ச் சாயம் என்றால் மெழுகு உருகிவிடும். குளிர்ந்த நீரில் நொடியில் பிறக்கும் நாஃப்தால் சாயம் மெழுகுக்கு ஏற்ற துணை. சிராங்கூன் சாலையிலிருந்து அராப் ஸ்திரீட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. முடிச்சுப் போட்டு நிறம் ஏற்றிய சுங்குடி ஒரு பக்கம், மெழுகு பூசி நிறம் ஏற்றிய பாத்திக் இன்னொரு பக்கம். துணியின் ஓரிடத்தைச் சாயத்திடமிருந்து காப்பாற்றுவதுதான் இரண்டுக்கும் கலை.

சாயம் போவதையே பெருமையாக விற்ற காலமும் ஒன்று உண்டு. 1958இல் கிருஷ்ணன் நாயர் என்பவரிடமிருந்து வாங்கிய சென்னைக் கட்டத் துணி, அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போனது. இயற்கைச் சாயம். குளிர்ந்த நீரில் மெதுவாக அலச வேண்டிய துணியை அங்கே இயந்திரத்தில் போட்டுத் துவைத்தார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடின. புகார் குவிந்தது. கடைசியில், துவைக்கத் துவைக்கப் புது நிறம் காட்டும் அதிசயத் துணி என்று விளம்பரப்படுத்தி விற்றுத் தீர்த்தார்கள். கேம்பல் லேன் அம்மாவிடம் அந்த விளம்பரம் எடுபட்டிருக்காது.

இன்று நாம் உடுத்தும் பருத்தித் துணிகளில் பெரும்பகுதிக்கு நிறம் தருபவை வினைபுரி சாயங்கள். 1954இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் ராட்டீ, ஸ்டீஃபன் இருவரும் கண்டுபிடித்தார்கள். 1956இல் சந்தைக்கு வந்தது. அசோ சாயத்தின் ஓர் ஓரத்தில் ஒரு கொக்கியைச் சேர்த்தார்கள். சோடா உப்பின் காரத்தில் அந்தக் கொக்கி செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பாகவே பூட்டிக்கொள்ளும். ஈர்ப்பு அல்ல, ஒட்டுதல் அல்ல, துணியும் சாயமும் ஒரே மூலக்கூறு. பூட்டிய சாயம் எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

பூட்டாத சாயம்? அங்கேதான் சிக்கல். கொக்கிக்குத் துணியும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். சாயத்தில் ஒரு பகுதி துணியைப் பிடிப்பதற்குமுன் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு, சில சாயங்களில் அதற்கும் மேல் இப்படிப் போகிறது. இந்த வீணான சாயம் இழைகளுக்கிடையே தங்கியிருக்கும். பட்டறையில் பலமுறை சோப்பு நீரில் கொதிக்க வைத்து அதை வெளியேற்ற வேண்டும். அதில் சிக்கனம் பிடித்தால், மிச்சம் உங்கள் வீட்டு வாளியில் வெளியேறும். புதுத் துணியை முதல்முறை அலசும்போது ஓடும் நிறம் பெரும்பாலும் இதுதான்.

வாளியில் ஓடியது கொஞ்சம். பட்டறையில் ஓடியதுதான் அதிகம். சாயத்தைத் துணியை நோக்கித் தள்ள, ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராமுக்கும் மேல் உப்புப் போடுவது வழக்கம். கடல் நீரில் இருப்பதே லிட்டருக்கு 35 கிராம்தான். திருப்பூரில் இந்த நீர் பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் போய் விழுந்தது. விவசாயத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் குட்டையானது. கிணறுகள் உப்பாயின. தென்னைகள் பட்டன. விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூடுங்கள் என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. வேலையிழந்து ஊர் திரும்பியவர்கள் ஏராளம். சிராங்கூன் சாலைக் கடைகளில் அடுக்கியிருக்கும் பனியன்களில் திருப்பூரிலிருந்து வந்தவையும் உண்டு. சாயம் போகாத பனியனுக்கு நொய்யல் கொடுத்த விலை அதன் விலைச்சீட்டில் எழுதப்படவில்லை. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

காங்கோ சிவப்புக்குள் ஒளிந்திருந்த கேட்டைச் சொல்கிறேன் என்றேன். அந்த நைட்ரஜன் பாலம் என்றென்றும் நிற்பதல்ல. நம் குடலிலும் தோலிலும் வாழும் நுண்ணுயிரிகள் அதை உடைக்க வல்லவை. உடைந்தால் இரண்டு பக்கத்துத் துண்டுகளும் அமின்களாக வெளிவரும். காங்கோ சிவப்பு உடைந்தால் வருவது பென்சிடின், சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வருவதை ஃபிராங்ஃபர்ட் நகர மருத்துவர் ரேன் 1895இலேயே கவனித்து எழுதினார். ஆனாலும் ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து 1994இல்தான் இத்தகைய அமின்களைத் தரும் சாயங்களை ஜெர்மனி துணிகளில் தடை செய்தது. 1990களில் இந்தியாவும் 112 சாயங்களைத் தடை செய்தது. எல்லா அசோ சாயமும் நஞ்சு என்று இதற்குப் பொருளில்லை. உடையும்போது என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

அதே உடைப்பு உயிரும் காத்திருக்கிறது. 1932இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக், புரோன்டோசில் என்ற சிவப்பு அசோ சாயம் எலிகளைக் கிருமித் தொற்றிலிருந்து காப்பாற்றுவதைக் கண்டார். சோதனைக் குழாயில் அது கிருமியைத் தொடவில்லை, உடம்புக்குள் போனால்தான் வேலை செய்தது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் 1935இல் விடையைக் கண்டார்கள். உடம்பில் அசோ பாலம் உடைந்து, நிறமற்ற சல்ஃபனிலமைடு வெளிவருகிறது. அதுதான் மருந்து. நாங்கள் பீக்கரில் முதலில் கரைத்த சல்ஃபனிலிக் அமிலத்தின் உடன்பிறப்பு அது. பெனிசிலின் வருவதற்கு முன் எத்தனையோ தாய்மார்களைப் பிரசவக் காய்ச்சலிலிருந்து மீட்டது அந்த மருந்து வகை. சாயம் போனதால்தான் அவர்கள் பிழைத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இனிப்புக் கடைக் கண்ணாடிக்குள் ஜிலேபி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கிறதே, அதற்கு அனுமதிக்கப்பட்ட நிறமிகளில் ஒன்று சன்செட் யெல்லோ. அது எங்கள் ஆரஞ்சு 2தான், கூடுதலாக ஒரே ஒரு சல்ஃபோனேட் தொகுதி. அந்த ஒன்றால் வேறுபாடு மலையளவு. சன்செட் யெல்லோ குடலில் உடைந்தால் இரண்டு துண்டிலும் சல்ஃபோனேட் இருக்கும். இரண்டும் நீரில் நன்றாகக் கரையும், உடம்பு எளிதில் வெளியேற்றிவிடும். ஆரஞ்சு 2 உடைந்தால் ஒரு துண்டு சல்ஃபோனேட் இல்லாத அமினோ நாஃப்தாலாகத் தங்கிவிடுகிறது. அதனால் ஆரஞ்சு 2 உணவில் சேர்க்கக் கூடாத பொருள். விலை மலிவு என்பதற்காக அதை இனிப்பிலும் மசாலாவிலும் கலக்கும் வியாபாரிகள் இந்தியாவில் பிடிபட்டிருக்கிறார்கள். நிறம் ஒன்றாக இருக்கலாம். துணிக்கு ஆவது வாய்க்கு ஆகாது.

சாயம் போகுமா என்ற கேள்விக்குத் தொழிற்சாலைகளில் எண்ணால் பதில் சொல்கிறார்கள். சாயத் துணியோடு பருத்தி, கம்பளி, நைலான், பாலியெஸ்டர் உள்பட ஆறு இழைகள் பட்டை பட்டையாக நெய்த வெள்ளைத் துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைத்துத் துவைப்பார்கள். எந்தப் பட்டையில் எவ்வளவு கறை ஏறியது என்று பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஐந்து என்றால் கறையே இல்லை. வியர்வைக்குத் தனிச் சோதனை. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் உப்பும் சேர்த்துச் செயற்கை வியர்வை செய்து, துணியை அதில் நனைத்து, எடை வைத்து, 37 டிகிரியில் நான்கு மணி நேரம் வைப்பார்கள். சிங்கப்பூரில் மதிய நேரப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் எவருடைய சட்டையும் இந்தச் சோதனையைத் தினமும் எழுதுகிறது.

வெயிலுக்கு மதிப்பெண் எட்டு வரை. ஒவ்வொரு படிக்கும் மங்கும் நேரம் ஏறத்தாழ இரு மடங்காகும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 137 கிலோமீட்டர் தூரத்தில். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் மூங்கில் கழியில் கோத்துச் சன்னலுக்கு வெளியே நீட்டும் துணி, உலகிலேயே கடுமையான ஒளிச் சோதனைகளில் ஒன்றுக்கு உட்படுகிறது. ஒளியும் ஈரமும் சேர்ந்து அந்த நைட்ரஜன் பாலத்தை மெல்ல மெல்ல உடைக்கின்றன. ஈரத் துணியை உச்சி வெயிலில் விரிப்பதைவிட, நிழலில், உட்புறத்தை வெளியே திருப்பி உலர்த்துவது நல்லது. அம்மாக்கள் சொல்வது இந்த விஷயத்தில் முற்றிலும் சரி.

உப்புத் தண்ணீர்? அதையும் சோதித்தோம். காங்கோ சிவப்பின் இனத்தைச் சேர்ந்த நேரடிச் சாயம் ஏற்றிய துணியில் உப்பு, நிறம் ஓடுவதைக் கொஞ்சம் குறைத்தது. உப்பு உள்ள நீரில் அந்தச் சாயத்துக்குத் துணியை விட்டு வர மனமில்லை. அடுத்த முறை வெறும் நீரில் அலசியதும் பழையபடி ஓடியது. வினைபுரி சாயத் துணியில் உப்பால் எந்தப் பயனும் இல்லை. அங்கே பூட்டிய சாயத்துக்கு உப்பு தேவையில்லை, பூட்டாத சாயத்தை வைத்துக்கொள்வதால் நமக்கு லாபமும் இல்லை. அது வெளியே போவதுதான் நல்லது. ஆக, கடைக்காரர் சொன்னதில் "தனியா அலசுங்க" என்பது மட்டும்தான் மருந்து.

கேம்பல் லேனில் அன்று அந்த அம்மா சேலையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரிடம் சொல்ல நினைத்து, கூட்டத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்கிறேன். கடைக்குப் போகும்போது ஒரு வெள்ளைப் பருத்திக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சேலையின் உள்பக்க ஓரத்தில் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் இலேசாக நிறம் வந்தால் பயப்பட வேண்டாம், அது பூட்டாத மிச்சம். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் தெளியும்வரை குளிர்ந்த நீரில் தனியாக இரண்டு மூன்று முறை அலசினால் நின்றுவிடும். கைக்குட்டை அடர்ந்து சிவந்தால், அந்தச் சேலையை மடித்து வைத்துவிடுங்கள்.